நிழலியின் பூசாரி

மகனை அடக்கம் பண்ணி மூன்று மாதம் கழித்துத்தான், அவன் இன்னும் ஒரு கோயிலில் பூசாரியாக இருக்கிறான் என்ற செய்தி பாஸ்டர் தங்கையாவுக்கு வந்தது.

சொன்னவள் ரெஹானா என்ற பெண். பாளையங்கோட்டையிலிருந்து போனில் பேசினாள். 'ஏழ்தீவு' என்ற இணைய விளையாட்டை நடத்தும் கம்பெனியில் கதை எழுதுகிறவளாம்.

"உங்க மகன் ஏனோஷ் ரொம்ப வருஷமா எங்க விளையாட்டுல இருந்தாங்க ஐயா. இறந்துட்டாங்கன்னு எங்களுக்கு இப்பதான் தெரிய வந்துச்சு. அவங்களோட பதிலாள் இன்னும் உள்ள ஓடிக்கிட்டு இருக்கு. நிறுத்தணுமா, விடணுமான்னு குடும்பத்துலதான் சொல்லணும்."

"பதிலாள்னா என்னம்மா?"

"விளையாடுறவங்க தூங்கப் போவாங்க, வேலைக்குப் போவாங்க. அந்த நேரம் அவங்க பாத்திரம் சும்மா நிக்கக் கூடாதுல்லா. அதனால ஒவ்வொருத்தர் எப்படிப் பேசுவாங்க, எதுக்குச் சிரிப்பாங்க, எதுல விட்டுக்கொடுப்பாங்கன்னு எங்க மிஷின் கூடவே இருந்து கத்துக்கும். அவங்க இல்லாதப்ப அவங்களாவே நின்னு ஆடும். குரல்கூட அவங்க குரல்தான்."

பாஸ்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அதுல அவன் என்னவா இருக்கான்?"

"பூசாரி ஐயா. நிழலியோட கோயில்ல."

"நிழலின்னா யாரு?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "எங்க கதையில நிறைய தெய்வம் உண்டு. வெண்ணெறி, நடுநெறின்னு பிரிச்சிருக்கோம். நிழலி கருநெறி."

"கருநெறின்னா கெட்டதா?"

"விளையாட்டுக் கணக்குல கெட்டதுதான் ஐயா."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். மனைவி லீதியாள் யார் என்று கேட்டதற்கு, ஏனோஷ் வேலை பார்த்த இடத்திலிருந்து என்று பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

உப்பளங்களை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் தங்கையா முப்பது வருஷமாக ஊழியம் பார்க்கிறார். உப்பு வாரும் கூலியாட்கள்தான் சபையில் பாதிப்பேர். யார் வீட்டில் சண்டை என்றாலும், யார் குடித்துவிட்டு விழுந்தாலும் பாஸ்டர் வீட்டு முன்னறையில்தான் வந்து முடியும். ஏனோஷ் ஒரே பிள்ளை. சென்னையில் வேலைக்குப் போனவன் மெல்ல மெல்லச் சபைக்குப் போவதை விட்டான். போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இவர்கள் ரயிலில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லறையில் ஜெபம் பண்ணும்போது, ஊராருக்கு எத்தனையோ தடவை சொன்ன ஆறுதல் வார்த்தைகளைத்தான் அவரும் சொன்னார். ஆனால் அவர் மனசுக்குள் ஒரு கேள்வி முள் மாதிரி ஏறிக்கொண்டது. கடைசி மூச்சு போகும்போது என் பிள்ளை யார் பக்கம் இருந்தான்? இப்போது ஒரு பெண் போன் பண்ணி அதற்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

அந்த வாரமே பஸ் ஏறினார்.

ரெஹானாவின் அலுவலகம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. முப்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தாள்.

"இந்தச் சாமியெல்லாம் நீங்கதான் உண்டாக்கினதா?" என்று கேட்டார் பாஸ்டர்.

"நாங்க நாலு பேர் ஐயா. எங்க உம்மாவுக்கு நான் கதை எழுதுறது தெரியும். சாமி எழுதுறது தெரியாது." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னாள். "உள்ள ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் ஒரு தராசு உண்டு. அறக்கோல்னு பேர். சத்தியத்தை மீறினா, கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தா கறை விழும். கறை விழுந்துட்டா வெண்ணெறிக் கோயில் எதுவும் சேர்க்காது. காயம் பட்டா மருந்து கிடையாது, சத்திரத்துல இடம் கிடையாது. நிழலி மட்டும்தான் அவங்களைச் சேர்த்துக்குவா. திருட்டுக் கும்பல் கூடுற இடமா இருக்கும்னு நினைச்சு எழுதினோம்."

"அப்ப என் மகன் மேலயும் கறையா?"

"இல்ல ஐயா. அவங்க வெண்சுடரோன் கோயில்ல குருவா இருந்தாங்க. ஒரு கறை கிடையாது. ஒரு நாள் தானாவே வெள்ளை அங்கியைக் கழட்டி வச்சுட்டு நிழலி முன்னால போய் மண்டிபோட்டாங்க. நெத்தியில மை வாங்கிக்கிட்டாங்க. ஏன்னு எங்களுக்கும் தெரியாது."

தவறி விழுந்தான் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தானாகப் போனான் என்கிறாளே. டீயைக் கீழே வைத்தார்.

"அவனை வெள்ளைக்கு மாத்திரும்மா. அதுக்கப்புறம் நிறுத்திரலாம்."

"நான் கை வைக்க முடியாது ஐயா. ஆனா விளையாட்டுக்குள்ளயே ஒரு வழி இருக்கு. வெண்ணெறிக் குரு யாராவது அந்தக் கோயிலுக்குப் போய் அவங்களைக் கூப்பிடணும். அவங்க சம்மதிச்சு, கூப்பிட்டவர் கூடவே வாசலைத் தாண்டி வெளிய வந்துட்டா வெள்ளை ஆயிருவாங்க. ஒருத்தரை ஒரு தடவைதான் கூப்பிட முடியும். தப்பிட்டா தப்பினதுதான். அதுக்கு மனந்திரும்புதல்னு பேர் வச்சிருக்கோம்."

அது அவருடைய வார்த்தை. வாரம் தவறாமல் பிரசங்க மேடையில் சொல்கிற வார்த்தை. அதை ஒரு விளையாட்டுக்காரப் பெண் வாயில் கேட்டதும் அவருக்குக் கோபம் வரவில்லை, நம்பிக்கை வந்தது.

"நான் வரலாமா உள்ள?" என்றார்.

ஏனோஷின் சாமான்களோடு வந்த லேப்டாப் அலமாரியில் இருந்தது. பாஸ்டர் அதைத் திறக்கும்முன் ஒவ்வொரு தடவையும் கண்மூடி ஜெபம் பண்ணினார். தான் செய்வது பாவமா, ஊழியமா என்று அவருக்கே தெரியவில்லை. வெண்சுடரோன் என்ற இல்லாத சாமிக்கு விளக்கேற்றுகிற குருவாக வேஷம் போட வேண்டியிருந்தது. வேஷம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். முதல் வாரம் சுவரில் முட்டிக்கொண்டே நின்றார், கிணற்றில் விழுந்தார், ஆட்டுக்குட்டி ஒன்றிடம் தவறிப்போய் சண்டைக்கு நின்றார். அப்புறம் பழகிவிட்டது. அவர் நாலு வார்த்தை பேசினால் அங்கேயும் கூட்டம் நின்று கேட்டது. வெண்ணெறியில் சீக்கிரமே மேலே வந்தார்.

லீதியாளிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு நாள் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அது அவன் இல்ல. நான் பெத்தவனை எனக்குத் தெரியும். எடுத்து வச்சிட்டு வேலையைப் பாருங்க."

"அவன் எந்த நிலைமையில போனான்னு உனக்குக் கவலையே இல்லையா?"

"அவன் போயிட்டான்ங்கிறதே எனக்குப் போதும் போதும்னு இருக்கு. அதுக்கு மேல கவலைப்பட எங்கிட்ட தெம்பு இல்ல."

நிழலியின் கோயில் ஒரு மலையிடுக்கில் இருந்தது. வெளியே காவல் இல்லை. உள்ளே கரிய கல்லில் முகமில்லாத ஒரு பெண் சிலை. அதன் முன்னே கறுப்பு அங்கி போட்ட ஒருவன் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க. என்ன செஞ்சுட்டு வந்தீங்க?" என்றான்.

ஏனோஷின் குரல். தொண்டையில் எப்போதும் லேசாகச் சளி கட்டின மாதிரி இருக்கும் அதே குரல். அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. லீதியாள் கதவோரம் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, போகவுமில்லை.

"நான் ஒண்ணும் செய்யல. உன்னைக் கூப்பிட வந்தேன்" என்றார் பாஸ்டர்.

"எங்க?"

"வெளிச்சத்துக்கு."

அவன் சிரித்தான். "நல்லா இருக்கும். கொஞ்சம் உட்காருங்க, ஆள் வர்ற நேரம்."

வெள்ளை அங்கிக்காரர்கள் அந்தக் கோயிலுக்குள் வந்தால், யாரைக் கூப்பிட வந்தார்களோ அவருக்கு மட்டும்தான் அவர்கள் பேச்சுக் கேட்கும். வேறு யார் காதுக்கும் எட்டாது. அது அங்கத்துச் சட்டம். ஆகையால் பாஸ்டர் ஒரு மூலையில் இருந்தார், வந்தவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டது.

திருடர்கள் வருவார்கள் என்று காத்திருந்தார். வந்தவர்களும் திருட்டைப் பற்றித்தான் பேசினார்கள். படையைக் காட்டிக்கொடுத்தேன், சத்தியத்தை மீறினேன் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் ஏனோஷ் அவசரப்படாமல் 'ம்ம்' போட்டுக்கொண்டே இருந்தால், பேச்சு எங்கேயோ திரும்பிவிடும். ஒருவன் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்ததைச் சொன்னான். ஒருவன் அண்ணன் சாவுக்குப் போகாததைச் சொன்னான். அதெல்லாம் ஏழ்தீவில் நடந்தவை அல்ல. எங்கெங்கோ அறைகளில் தனியாக உட்கார்ந்திருக்கும் உயிருள்ள மனிதர்கள் அவர்கள். ஏனோஷ் யாரையும் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "சரி. இனி என்ன செய்யலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டான். போகும்போது எல்லாரிடமும் ஒன்றையே சொன்னான். "எப்ப வேணும்னாலும் வாங்க. இங்க இடம் இருக்கு."

இந்த வேலையைத்தானே நான் முன்னறையில் உட்கார்ந்து செய்கிறேன் என்று பாஸ்டருக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே தள்ளினார். கறுப்புத் தெய்வத்தின் முன்னால் உட்கார்ந்து செய்கிற நல்லதும் கண்ணிதான் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டார்.

தினமும் போனார். தினமும் கூப்பிட்டார். பேச்சு முற்றுப் பெறாமல் இழுத்துக்கொண்டே போனதால் அந்த ஒரு தடவை இன்னும் முடியாமல் இருந்தது. அவன் வானிலையைப் பேசினான், சிலையில் ஏறும் எறும்பைப் பேசினான், சம்மதம் மட்டும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "எத்தனை நாள்டா கெஞ்சணும் உன்னை? ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளேன்!" என்று வீடு அதிரக் கத்தினார்.

துடைப்பம் நின்றது.

"சரிப்பா" என்றது குரல்.

பாஸ்டர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். கதவோரம் நின்ற லீதியாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை மத்தியானம் வர்றேன். வாசல் வரைக்கும் என்கூட வந்தாப் போதும்" என்றார்.

"சரிப்பா."

சனிக்கிழமை மத்தியானம் நல்லவேளையாக வீட்டுக்கு யாரும் வரவில்லை. உள்ளே போனபோது ஏனோஷ் தயாராக நின்றான். இரண்டு பேரும் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். பத்தடி கூட இருக்காது. அப்போதுதான் 'முள்ளெலி' என்ற பெயரில் வழக்கமாக வரும் ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம்."

ஏனோஷ் நின்றுவிட்டான். ஆள் வந்தால் நிற்பது அவன் பழக்கம்.

"நீங்க செத்துப்போய்ட்டீங்கன்னு சொல்றாங்க. நிஜமாண்ணா?"

"நான் இங்கதான் இருக்கேன்" என்றான் ஏனோஷ்.

"எனக்கும் அங்க வந்துடலாம்போல இருக்குண்ணா. முடியல. என்னாலதான் எங்கூட வேலை பார்த்தவ வேலை போச்சு. சூப்பர்வைசர்கிட்ட நான்தான் சொன்னேன். ஹாஸ்டல்ல ஒருத்தரும் எங்கூடப் பேசறதில்லை. நான் உங்ககிட்டயே வந்துடட்டுமா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று பாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்.

ஏனோஷ் எப்போதும்போல அன்பாகச் சொன்னான். "எப்ப வேணும்னாலும் வாங்க. இங்க இடம் இருக்கு."

"டேய்! அவ அதைக் கேக்கலடா! நிறுத்துடா அவளை!"

"வருவாங்கப்பா. எப்பவும் வருவாங்கள்ல" என்றது குரல். ஏனோஷ் உயிரோடு இருந்திருந்தால் அவள் குரல் நடுங்கியதைக் கேட்டிருப்பான். இதற்கு நடுக்கம் கேட்கவில்லை. தான் செத்துப்போனது தெரியாத ஒன்றுக்கு அவள் எங்கே வரக் கேட்கிறாள் என்பது எப்படித் தெரியும்?

"தேங்க்ஸ்ணா" என்றாள் அவள். திரும்பிவிட்டாள்.

"ஏம்மா! ஏ பிள்ளை!" பாஸ்டர் கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை. வெள்ளை அங்கியில் இருக்கும்வரை கேட்காது. கேட்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது.

அவர் வீட்டார் மூன்று தலைமுறையாக எந்தச் சிலை முன்னாலும் தலை குனிந்ததில்லை. கோயில் கொடைக்கு வந்த பொங்கலைக்கூடக் கையால் தொட்டதில்லை. திரையில் இருந்தாலும் அது சிலைதான். வாசலுக்கு முன்னால் ஏனோஷ் நின்றிருந்தான், தாண்ட இன்னும் நாலடி. அவனைப் பார்த்தார். பிறகு திரும்பி ஓடி, அந்த முகமில்லாத சிலையின் முன்னால் மண்டிபோட்டார். அங்கே சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னார்.

"நான் கறைபட்டவன்."

நெற்றியில் மை ஏறியது. வெள்ளை அங்கி காலிலிருந்து மேலாகக் கறுத்தது. 'அழைத்தவர் கறைபட்டார். அழைப்பு முடிந்தது' என்று திரையில் எழுத்து வந்தது. அவர் அதைப் படிக்கவில்லை.

"முள்ளெலி, நில்லும்மா! நான் நிஜ ஆளு. பதிலாள் இல்ல. ஒரு பாஸ்டர். எங்கூட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ."

அவள் நின்றாள். "யாரு நீங்க?"

"பேரு தங்கையா. ஒண்ணு நேரா கேக்கேன், கோவிச்சுக்காத. நீ சாகணும்னு நினைக்கியா?"

பதிலுக்கு அழுகைச் சத்தம்தான் கேட்டது.

பாஸ்டர் மைக்கை ஒரு கையால் மூடிக்கொண்டு, "லீதியா, ரெஹானாவுக்குப் போன் போடு. இந்தப் பிள்ளை எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார். லீதியாள் அதற்குள் போனை எடுத்துவிட்டிருந்தாள். பேசி முடித்தவள், அதுவரை மிதிக்காத அந்த அறைக்குள் வந்து, அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஏட்டி, காலையில சாப்பிட்டியா?"

"இல்லைங்க."

"நேத்து?"

"தெரியல."

"கதவைத் திறந்து வையி. பக்கத்து ரூம்ல யாரு இருக்கா? பேசாட்டி பரவால்ல, பேரு சொல்லு."

அப்படியே பேசிக்கொண்டே இருந்தார்கள், மாறி மாறி. என்ன பேசினார்கள் என்று பிறகு இருவருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. ஓசூரில் ஒரு ஹாஸ்டலில் வார்டன் மாடிப்படி ஏறி வந்து அந்த அறைக்குள் நுழைந்த சத்தம் மட்டும் இருவருக்கும் நன்றாக நினைவிருந்தது. அதற்குப் பிறகுதான் பாஸ்டர் திரையைப் பார்த்தார். வாசலில் யாருமில்லை. ஏனோஷ் சிலையடியில் மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தான்.

"நாம போகல?" என்று கேட்டார், முட்டாள்தனம் என்று தெரிந்தே.

"வாங்க. என்ன செஞ்சுட்டு வந்தீங்க?" என்றான் அவன்.

இரண்டு நாள் கழித்து ரெஹானா நேரிலேயே வந்தாள். அவள் முகம் வாடிக் கிடந்தது. அந்தப் பெண்ணின் அக்கா வந்து ஊருக்கு அழைத்துப் போயிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் காட்டுகிறார்கள் என்றாள். பதிலாள் சொன்ன பதிலைப் பற்றிக் கம்பெனியில் எல்லாரும் பேசுகிறார்கள் என்றாள்.

"அறக்கோல் அதுக்கு ஒரு கறையும் போடல ஐயா. உங்களுக்குத்தான் போட்டுச்சு. நான் எழுதின கணக்குதான் அது. அன்னைலருந்து எனக்குச் சாப்பாடு செல்லல."

பாஸ்டருக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது.

"என்னை அது அப்பான்னு கூப்பிட்டுச்சும்மா. சம்மதம்னு சொல்லிச்சு. அது நிஜமா மனசு மாறித்தான் வந்துதா?"

ரெஹானா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் பதிவைப் பார்த்தேன் ஐயா. யாராவது குரலை உசத்தி வற்புறுத்தினா ஏனோஷ் எப்பவுமே 'சரிப்பா'ன்னுதான் சொல்லுவாங்க. பதினெட்டு வயசுப் பையன் கிட்டகூட. அப்புறம் அதைச் செய்ய மாட்டாங்க. முள்ளெலி வராம இருந்திருந்தாலும் வாசல்ல ஏதாவது சாக்குச் சொல்லி நின்னிருப்பாங்க."

லீதியாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் நடந்த பேச்சு பாஸ்டருக்குக் காதில் கேட்டது. சபைக்குப் போனியாடா? இந்த வாரம் போறேன்ப்பா. கட்டாயம் போகணும். சரிப்பா.

அதுவரை திரைக்குள் இருந்தது தன் பிள்ளைதானோ என்று சந்தேகம் இருந்தது. அந்த ஒரு பொய்யில்தான் அவனை அச்சு அசலாகப் பார்த்தார். அதனாலேயே அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று தெரிந்தது.

"நிறுத்திரும்மா" என்றார்.

"கடைசியா ஒரு தடவை பேசணும்னா..."

"வேண்டாம்" என்றாள் லீதியாள். "ஒரு தடவை மண்ணு போட்டாச்சு. இப்ப பேச்சு வேற எதுக்கு?"

ரெஹானா அங்கேயே உட்கார்ந்து நிறுத்தினாள். கறுப்பு அங்கி பெருக்கிக்கொண்டிருந்தது, பிறகு இல்லை. துடைப்பம் மட்டும் தரையில் கிடந்தது. பூசாரி இல்லாத கோயில் பத்து நாளில் தானாக மூடிக்கொள்ளும் என்று அவள் சொன்னாள்.

"மத்தவங்க எங்க போவாங்க?"

"போக இடமில்லை ஐயா."

பாஸ்டர் சிலுவை மாட்டியிருந்த சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க வர்ற நேரம் சாயங்காலம்தானே? எனக்கு ஆறு மணிக்கு மேல ஜெபக்கூட்டம் இருக்கு. அதுக்கு முன்னாலன்னா முடியும்" என்றார். ஆனால் தன் பதிலாள் என்று ஒன்று நிற்கக் கூடாது, தான் இல்லாத நேரம் கதவில் 'பூசாரி இல்லை' என்று எழுதிப் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ரெஹானா சம்மதித்தாள்.

சபையாருக்கு அவர் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறும்போது நெற்றியை ஒரு தடவை கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லைதான்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியான நேரம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஐயா, நான் முள்ளெலி. நிஜப் பேரு மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவாங்க. அக்கா வீட்ல இருந்து பேசறேன். விளையாட்டுக் கம்பெனியிலதான் உங்க நம்பர் கொடுத்தாங்க."

"எப்படிம்மா இருக்கே?"

"மாத்திரை சாப்பிடறேன். தூக்கம் வருது. அந்தப் பொண்ணுக்கு ஒரு மெசேஜ் போட்டேன், இன்னும் பதில் இல்லை." பிறகு சொன்னாள். "ஏனோஷ் அண்ணனை உங்களுக்கு எப்படித் தெரியும்னு அன்னைக்குக் கேக்கவே இல்லை."

"அவன் என் மகன்மா."

அவள் அவசரமாகப் பேசினாள்.

"அப்ப அந்த அப்பா நீங்கதானா! உசுரோட இருந்தப்ப அண்ணன் உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க. நீங்க எப்படிண்ணா இவ்வளவு பொறுமையாக் கேக்கறீங்கன்னு நான் ஒரு நாள் கேட்டேன். எங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டதுன்னாங்க. யார் வேணும்னாலும் எங்க வீட்டுக்கு வந்து எங்கப்பா முன்னால உட்கார்ந்து அழலாம், அதைக் கதவுப் பக்கத்துல நின்னு பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான்னு சொன்னாங்க."

பாஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நீங்களும் அப்படி உங்கப்பாகிட்ட அழுதிருக்கீங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சிரிச்சாங்க. நான் மகன்ல்லா, எனக்கு எங்க முறை வரும்னாங்க."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஐயா? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. நாளைக்கு இதே நேரம் கூப்பிடு. கட்டாயம் கூப்பிடணும்" என்று சொல்லி வைத்தார்.

முன்னறையில் உப்பளத்துக்காரர் ஒருவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளை மருமகன் அடித்துவிட்டானாம். லீதியாள் உள்ளே வந்து, "அவரு ரொம்ப நேரமா இருக்காரு. வரச் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

பாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"இப்ப முடியாதுன்னு சொல்லு லீதியா" என்றார். "பெரிய அடியான்னு மட்டும் கேட்டுக்கோ. இல்லைன்னா சாயங்காலம் நானே அவங்க வீட்டுக்கு வாரேன்னு சொல்லு."

முப்பது வருஷத்தில் அவர் யாரையும் அப்படி அனுப்பியதில்லை. லீதியாள் வெளியே போய்ப் பேசி அந்த மனிதரை அனுப்பிவிட்டு வந்தாள். வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.